மறு: [கலைச்சொல்] 'மூலான்' தமிழில் எப்படி? என் ஓட்டு: பனித்தூம்பு

குழுமத்தாருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று காலை மூலானுக்குத் தமிழ்ப் பெயராக 'பனியாலை'க்கு நான்கு பேர் ஆதரவு தெரிவித்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: மேற்குக் கிரீன்லாந்தின் கங்கர்லுசுவாக் ஊரிலிருந்து ட்வின் ஓட்டர் என்ற சிறு விமானம் கிளம்பிப் பனிவிரிப்பின் (நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும் பனிக்கட்டிப் பரப்பின்) மேல் தாழப் பறக்கிறது. அந்தப் பயணத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதும் நண்பர் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டார். சன்னலுக்குக் கீழே முதலில் நீலக் குட்டைகள், அப்புறம் நீல ஓடைகள். கடைசியில் ஓர் ஓடை வளைந்து வளைந்து வந்து இருண்ட ஒரு துளைக்குள் விழுந்து காணாமல் போகிறது. ஆங்கிலத்தில் அதை மூலான் (moulin) என்கிறார்கள். அந்தத் துளைக்குத்தான் தமிழில் பெயர் வேண்டும். (கருந்துளை என்று எழுதினால் வானியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

> மூலான் என்றால் பிரெஞ்சு மொழியில் ஆலை. ஆகவே பனியாலை.

பொருள் சரிதான். ஆனால் பனியாலை என்றதும் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாளம் அடுக்கிவைத்திருக்கும் கட்டடம்தான் என் கண்முன் வருகிறது. ஆல்ப்ஸ் மலை ஊர்களில் நீரால் சுழலும் மாவு ஆலைகள் இருந்தன. பனியாற்றில் (மெல்ல நகரும் பனிக்கட்டித் திரளில்) உள்ள துளையில் நீர் சுழன்று இரைந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு ஊரிலிருந்த ஆலை நினைவுக்கு வந்தது, பெயர் வைத்தார்கள். நமக்கு ஆலை என்றால் கரும்பாலை, பஞ்சாலை. அதில் தண்ணீர் எங்கே விழுகிறது? தவிர, விமானத்தில் இருப்பவருக்கு அந்த இரைச்சல் கேட்கவும் கேட்காது.

> பனிக்கிணறு? உறிஞ்சுகுழி?

கிணற்றில் தண்ணீர் நிற்கும், நாம் இறைப்போம். இங்கே நிற்கிற தண்ணீர் இல்லை. உறிஞ்சுகுழி மழைநீர்ச் சேகரிப்புக்கு ஏற்கெனவே வாக்கப்பட்டுவிட்ட சொல். அதில் நீர் மெல்ல மண்ணுக்குள் ஊறும். மூலானில் எதுவும் மெல்ல நடப்பதில்லை.

> நுனாட்டாக், பொலின்யா (கடற்பனிக்கு நடுவே திறந்திருக்கும் நீர்ப்பரப்பு) என்று எடுத்துக்கொண்டது போல இதையும் 'மூலான்' என்றே வைக்கலாமே.

எனக்கு நியாயமாகப் பட்ட ஒரே மறுப்பு இதுதான். நுனாட்டாக் கிரீன்லாந்து மக்களின் சொல். பனிக்கு மேலே தலைநீட்டும் மலைமுகட்டை அதனூடே வாழ்பவர்கள் அப்படி அழைக்கிறார்கள், நாமும் அப்படியே வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. மூலான் கிரீன்லாந்துச் சொல் இல்லை. ஆல்ப்ஸ் ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பழக்கமான ஒன்றை அந்தத் துளையின் மேல் ஏற்றிய பெயர் அது. அவர்களுக்கு இருந்த அதே உரிமை நமக்கும் உண்டு. ஆலைக்குப் பதிலாக நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடினால் போதும்.

தேடுவதற்கு முன் அந்தத் துளை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கோடையில் பனிவிரிப்பின் மேல் உருகிய நீர் பள்ளங்களில் ஏரியாகத் தேங்குகிறது. விரிசல் கிடைத்தால் அதற்குள் இறங்குகிறது. நீர் பனிக்கட்டியைவிடக் கனமானது என்பதால், நிரம்பிய விரிசலை அதன் எடையே கீழ்நோக்கிப் பிளந்துகொண்டு போகும். 2006 ஜூலையில் மேற்குக் கிரீன்லாந்தில் 5.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஏரி இப்படித்தான் வடிந்தது. கீழே 980 மீட்டர் தடிமனுக்குப் பனி. அதைப் பிளந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஏரி காலி. வடிந்த வேகம் நயாகராவில் சராசரியாக விழும் நீரைவிட அதிகம். விரிசல் மூடிக்கொண்ட பின்னும் ஓடைகள் தொடர்ந்து விழுகிற இடம் செங்குத்துக் குழாயாக நிலைத்துவிடுகிறது. அதுதான் மூலான். அடியில் பாறைக்கும் பனிக்கும் நடுவே புகுந்த நீர் பனியை வழுக்கி நகர வைக்கிறது. பிறகு பனிக்கடியிலேயே கால்வாய் அறுத்துக்கொண்டு பனியாற்றின் முகப்பில் கடலுக்குள் வெளிப்படுகிறது.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு குமிழித்தூம்பை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் நீருக்கு நடுவே இரண்டு கல்தூண் நிற்குமே, அதுதான். தூண்களுக்குக் கீழே கற்பலகையில் ஒரு துளை. அடைப்பைத் தூக்கினால் நீர் சுழித்துக்கொண்டு செங்குத்தாக இறங்கும், கரைக்கு அடியில் கல் பாவிய வழியில் யார் கண்ணிலும் படாமல் ஓடும், மறுபுறம் வாய்க்காலில் தலைகாட்டும். மேலே ஏரி, நடுவே இறங்குதுளை, அடியில் மறைவழி, அந்தப் பக்கம் வெளிவாய். கிரீன்லாந்தில் நடப்பதும் இதே வரிசை.

ஆகவே பனித்தூம்பு.

> தூம்பு மனிதன் கட்டியது. திறக்கலாம், மூடலாம். மூலானை யார் மூடுவது?

ஒப்புக்கொள்கிறேன், இது குறைதான். ஆனால் தூம்பு என்ற சொல் மதகிலிருந்து பிறக்கவில்லை. அகராதியில் அதற்கு உட்டுளை என்றும் மூங்கில் என்றும் பொருள் இருக்கிறது. சங்கப் பாட்டில் யானையின் துதிக்கைக்கும் அடைமொழியாக வருகிறது. உள்ளே துளையுள்ள நீண்ட பொருள் எதுவும் தூம்புதான், கட்டியதாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

வன்னியிலிருந்து எழுதிய அக்கா, அவர்கள் பக்கம் குளத்து மதகைத் துருசு என்பார்கள், பனித்துருசு என்றால் என்ன என்று கேட்டிருந்தார். அழகான சொல். ஒரே சிக்கல், இங்கே நாட்டுமருந்துக் கடையில் துருசு என்றால் மயில்துத்தத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நீல நிறம் என்னவோ பொருத்தமாகத்தான் இருக்கிறது! இலங்கைப் பதிப்புக்குப் பனித்துருசு என்றே போடலாம். எனக்கு மறுப்பில்லை.

தூம்பு இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்ற வாதத்துக்கு ஒரே பதில்: மூலானும் தெரியாது.

வாத்துக் கதையையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்வேன். 2008இல் நாசாவின் ஆல்பர்ட்டோ பெஹார் கிரீன்லாந்தின் யாக்கப்ஸ்ஹாவ்ன் பனியாற்று மூலான் ஒன்றில் 90 மஞ்சள் ரப்பர் வாத்துகளைப் போட்டார். கடலில் எங்கே வெளிவருகின்றன என்று பார்த்தால் அடிவழி புரியும் என்பது கணக்கு. மாதக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. தூம்புவாயில் இலையைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்கு ஓடிப்போய்ப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையை விளக்கவே வேண்டாம்.

நண்பர் கூடவே கேட்ட மற்ற இரண்டு சொற்கள். கடற்பனியின் (உறைந்த கடல்நீரின்) மேல் தேங்கும் நீருக்கு 'உருகுகுட்டை' போதும். கடற்பனி பிளந்து கடல்நீர் தெரியும் நீண்ட இடைவெளிக்கு 'பனியிடுக்கு'. இரண்டையும் 'பனிநீர்ப் பரப்பு' என்று ஒன்றாக அடைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். நுண்ணலைகளைக் கொண்டு பனியைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்கள் செய்யும் தவறே அதுதான்: பனிமேல் நிற்கும் குட்டையும் திறந்த கடலும் அவற்றுக்கு ஒரே மாதிரி தெரியும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் தாழப் பறக்கும் விமானமும் அதன் வயிற்றில் கேமராவும். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனம் பழைய டிசி-3 விமான உடம்பில் புது எஞ்சின் பூட்டிய போலார் 5, போலார் 6 என்ற விமானங்களை வைத்திருக்கிறது. கயிற்றில் ஒரு கருவியைத் தொங்கவிட்டு, அது பனிக்கு 15 மீட்டர் மேலே போகும்படி ஓட்டிக் கடற்பனியின் தடிமனை அளக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை நாம் ஒரே சொல்லில் கலந்துவிடக் கூடாது. நாளிதழ்கள் பனியாற்றையும் கடலில் மிதக்கும் பெருங்கட்டியையும் பனிப்பாறை என்றே எழுதிக் குழப்பியது போதாதா?

கட்டுரையில் பொருத்திப் பார்த்தேன்: "விமானி இடப்பக்கம் சாய்த்து ஒரு வட்டம் அடித்தார். ஓடை பனித்தூம்பின் வாயில் சுழித்து இறங்குவது தெரிந்தது." அடிக்குறிப்பு இல்லாமலே நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. பனிக்கடியில் ஓடும் அந்தக் கால்வாய்க்கு 'அடிச்சுருங்கை' என்று எழுதிவைத்திருக்கிறேன். சுருங்கை நிலத்தடி வழிக்கு உள்ள பழைய சொல். கண்மாய்க் கரைக்கு அடியில் போகும் அந்த வழியை உங்கள் ஊரில் வேறு பெயரால் அழைத்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். நண்பர் ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அனுப்பவேண்டுமாம்.