சொல் தேவை: ‘ஸ்கேட்’ பாட்டுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள்)

அரும்பு எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். பிரேசில் பாடகி ஃப்ளோரா புரிம் பற்றி ஓர் இசை இதழுக்காக மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ரியோ டி ஜெனீரோக்காரர். அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து அம்மா வீட்டில் ஜாஸ் இசைத்தட்டு போடுவாராம், ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 1967இல் நியூயார்க், 1972இல் பியானோக்காரர் சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ ஜாஸ் குழு. இதுவரைக்கும் தமிழ் ஓடிவிட்டது. இடிப்பது ‘ஸ்கேட்’ (scat), அதாவது ஜாஸில் சொல் இல்லாமல் வெறும் ஒலிகளால் பாடுவது. அந்தக் குழுவின் முதல் தட்டில், தலைப்புப் பாட்டில், மின்பியானோவோடு குரல் ஏறி இறங்குகிறது. சொல்லே கிடையாது. ‘பொருளற்ற ஒலிகளால் பாடுதல்’ என்று எழுதிப் பார்த்தேன், திட்டுவது போல இருக்கிறது.

குடந்தையான் எழுதியது:
அம்மா அரும்பு, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்? ஆளத்தி! சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் வெண்பாவே காட்டுகிறார். மகர ஒற்றால் (‘ம்’) சுருதி சேர்த்து, குறிலும் நெடிலுமாக விரித்து, ‘தென்னா தெனா’ என்று பாடினால் ஆளத்தி. உங்கள் பிரேசில் அம்மையார் செய்வது இதைத்தானே?

பழையநூல் எழுதியது:
ஆளத்தியே ‘ஆலப்தி’யின் திரிபு என்பார்கள். தனித்தமிழ் என்று வாங்கி வடமொழியைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

குடந்தையான் எழுதியது:
என்பார்கள், என்பார்கள்! ஆலுதல் என்றால் ஒலித்தல், மயில் ஆலும். தினைப்புனத்தில் வள்ளி கிளி ஓட்டியது ஆலோலம். அதற்குப் பொருள் உண்டா? ஒலிதான். ஆல், ஆலல், ஆலத்தி, ஆளத்தி. லகரம் ளகரமானது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

கடக்காரன் எழுதியது:
தனி மடல் வரட்டும் ஐயா, நிதானமாகப் படிக்கிறோம். ஆனால் ஆளத்தி தாளக் கட்டில்லாமல் போவது. ஸ்கேட் தாளத்துக்குள் ஓடுவது, டிரம்ஸ்காரர் விட மாட்டார். தாளச் சொற்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோல்தான் கிட்ட வரும். இன்னொன்று, ஃப்ளோராவும் அவர் கணவர் ஐர்ட்டோ மொரேராவும் நம் கடம் வித்வான் விக்கு விநாயகராமும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். அமெரிக்க டிரம்ஸ்காரர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’, 1991. உலக இசைக்கென்று கிராமி கொடுத்த முதல் விருது அதற்குத்தான். அரும்பு, இதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

நெல்லை வாத்தியார் எழுதியது:
கொன்னக்கோலில் சுரம் ஏது தம்பி? தகதிமி சொல்லலாம், ராகம் பாட முடியாது. கற்பனை ஸ்வரம் என்றால் ச ரி க என்று பெயர் சொல்லியாக வேண்டும். ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவலுக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரி வேண்டும். ராக ஆலாபனைக்குப் பின் பாடும் தானம் கொஞ்சம் ஒட்டும், ‘அனந்தம்’ என்று தாளம் போடாமலே ஒரு நடை இருக்கும். ஆனால் கட்டுரையில் ‘தானம்’ என்று போட்டால் அந்தம்மா அன்னதானம் செய்தார் என்று படிப்பார்கள். என் வகுப்பில் நான் ‘ஸ்கேட்’ என்றே சொல்கிறேன். பையன்கள் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங் மாதிரி தொண்டையைக் கரகரத்துப் பாடியும் காட்டுகிறார்கள். புரிந்த பிறகு பெயர் எதற்கு?

அரும்பு எழுதியது:
இடையில் ஒரு சின்னக் கேள்வி. ஐர்ட்டோ வாசிக்கும் கூயிகா என்ற பிரேசில் தோற்கருவியை எப்படி விளக்குவது? தோலின் உட்பக்கம் ஒரு குச்சி இருக்கிறது, ஈரத்துணியால் அதைத் தேய்த்தால் முனகுகிறது.

கடக்காரன் எழுதியது:
உறுமியின் ஒன்றுவிட்ட தங்கை! நாம் வளைந்த குச்சியால் தோலை வெளியே தேய்க்கிறோம், அவர்கள் உள்ளே.

குடந்தையான் எழுதியது:
உறுமி, உறுமுதல், உரறு, உரும். நற்செய்தி, தனி மடல் இரண்டாகிறது.

பழையநூல் எழுதியது:
திரும்பி வருவோம். தொல்காப்பிய இடையியலில் அசைநிலை, இசைநிறை என்று இரண்டு கிளவி (சொல்வகை). பொருள் தராமல் இசையை மட்டும் நிறைப்பது இசைநிறை. ‘இசைநிறைப் பாட்டு’ என்று வையுங்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சரக்கு.

நெல்லை வாத்தியார் எழுதியது:
சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் செய்யுளில் இசைநிறை இட்டு நிரப்புவது, ஓட்டை அடைப்பு. ஃப்ளோரா ஓட்டையா அடைக்கிறார்? அந்த இடத்தில் பாட்டே அதுதான். தவிர ‘இசைநிறைப் பாட்டு’ என்றால் இசை நிறைந்த பாட்டு என்றுதான் எவரும் எடுப்பார்கள். எந்தப் பாட்டில் இசை இல்லை?

அரும்பு எழுதியது:
இரவு பதினொன்று ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: ஆளத்தி ஒன்று, கொன்னக்கோல் ஒன்று, இசைநிறை ஒன்று, பேசாமல் இரு என்று ஒன்று. ‘ஸ்கேட் எனப்படும் சொல்லிலாப் பாட்டு’ என்று முதல் இடத்தில் எழுதி, அப்புறம் எல்லா இடத்திலும் ‘சொல்லிலாப் பாட்டு’ என்றே விடுகிறேன். யாருக்கும் மறுப்பு உண்டா?

கடக்காரன் எழுதியது:
சரி.

நெல்லை வாத்தியார் எழுதியது:
சரி, தூங்கப் போங்கள்.

பழையநூல் எழுதியது:
மனமில்லாத சரி.

குடந்தையான் எழுதியது:
‘சொல்லி, லா’ என்று பிரித்துப் படிப்பார்கள். சொன்னேன் என்று நினைவிருக்கட்டும்.

அரும்பு எழுதியது:
ஐயா, அவர் பாடுவதும் பாதி ‘லா’தான். அனுப்பிவிட்டேன்.