கைத்துப்பாக்கி கேஸை ட்ரிம் செய்யாதவன் சோம்பேறியா?

பழையபித்தளை: "கைத்துப்பாக்கி கேஸை ஒவ்வொரு தடவையும் ட்ரிம் செய்யாமல் ரீலோட் செய்பவன் சோம்பேறி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுதான் கேஸ்; அதில் மறுபடி பவுடரும் குண்டும் வைப்பது ரீலோட், அதன் வாயை அளவாக வெட்டுவது ட்ரிம். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. கழுத்துச் சிறுத்த ரைபிள் கேஸ் நீளும், அதை வெட்டத்தான் வேண்டும். கைத்துப்பாக்கித் தோட்டாவான 9 எம்எம்மின் கேஸ் நீளாது. இன்னொரு கைத்துப்பாக்கித் தோட்டாவான 45 ஏசிபியின் கேஸ் சுடச் சுடக் குட்டைதான் ஆகிறது. குட்டையாகிற ஒன்றை எதற்கு வெட்டுவது?

காலிப்பர்காரன்: எழுதியது நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. 9 எம்எம் கேஸ் சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள்) வாய் விளிம்பை வைத்துத்தான் நிற்கிறது. உச்ச நீளம் 0.754 அங்குலம். தாண்டினால் விளிம்பு நெருக்குண்டு குண்டை இறுக்கிவிடும், அழுத்தம் எகிறும்.

பழையபித்தளை: தாண்டினால்தானே! தாண்டிய கேஸ் ஒன்றைக் காட்டுங்கள். கீழ் வரம்பு 0.744. என் டப்பாவில் இருப்பவை எல்லாம் இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன. நீளுவதற்கு முன்பே வாய் வெடித்துவிடும், இல்லையென்றால் புல்லில் தொலைந்துவிடும்.

ஆறுசுற்று: இருவரும் 9 எம்எம்மை விட்டு வெளியே வாருங்கள். ரிவால்வர் தோட்டாவான 357 மேக்னம் ரிம்மில் (கேஸ் அடியில் புடைத்த விளிம்பில்) நிற்கிறது, அங்கே கேள்வியே வேறு. ரோல் கிரிம்ப் (குண்டைப் பிடிக்கக் கேஸ் வாயை உள்ளே சுருட்டுவது) ஒரே மாதிரி விழ வேண்டுமானால் நீளமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கிரிம்ப் தளர்ந்தால் உதைப்பில் குண்டு முன்னால் நகர்ந்து சிலிண்டரே சுற்றாமல் நின்றுவிடும். நான் ஒருமுறை வெட்டிச் சமன் செய்துவிடுவேன், அப்புறம் தொடுவதில்லை.

காலிப்பர்காரன்: பார்த்தீர்களா, அவரும் வெட்டுகிறார்.

பழையபித்தளை: ஒருமுறை என்கிறார் ஐயா, ஒருமுறை! நீங்கள் எழுதியது "ஒவ்வொரு தடவையும்". மறுபடியும் கேட்கிறேன், 0.754ஐத் தாண்டிய 9 எம்எம் கேஸ் எங்கே?

புதுக்கை: அண்ணே, பேரலை (துப்பாக்கிக் குழலை) கழற்றித் தோட்டாவைப் போட்டுப் பார்த்தால் போதாதா? தடையின்றி விழுந்து சுழன்றால் சரிதானே?

காலிப்பர்காரன்: தம்பி, முதலில் அளக்கக் கற்றுக்கொள். அப்புறம் பேசலாம்.

ஆறுசுற்று: புதிதாக வந்தவரிடம் இப்படியா பேசுவது? கேட்டது நல்ல கேள்வி. ப்ரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழியைச் சுத்தம் செய்யும் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஆளை மட்டம் தட்டினீர்கள்.

காலிப்பர்காரன்: அழுக்குக் குழியில் ப்ரைமர் மேலே துருத்தி நிற்கும் என்று அன்றே சொன்னேன். யார் கேட்டது?

பழையபித்தளை: ப்ரைமர் பேச்சு இப்போது எதற்கு? பதில் இல்லாததால் நழுவுகிறீர்கள். சரி, நானே சொல்கிறேன். கேஸ் கொஞ்சம் குட்டையானால், சுட்ட கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடித்துக்கொள்கிறது, தோட்டா வெடிக்கிறது. டேப்பர் கிரிம்ப் (வாயைச் சுருட்டாமல் லேசாக இறுக்குவது) அங்குலத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைத் தாங்கும். ட்ரிம்மர் முன்னால் உட்காரும் நேரத்தில் ஒவ்வொரு கேஸிலும் பவுடர் விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள், இரட்டைச் சார்ஜ் (ஒரே கேஸில் இரண்டு முறை பவுடர்) போகாது. கையைக் காப்பது அதுதான்.

காலிப்பர்காரன்: பவுடரையும் பார்க்கிறேன், ட்ரிம்மும் செய்கிறேன். உங்களுக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும் போலிருக்கிறது.

பழையபித்தளை: படம் போடுங்கள். 9 எம்எம், சுட்ட கேஸ், 0.755. காலிப்பரைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு அளக்கவும்.