மறுமொழி: ‘உயிரியல் வடிகட்டல்’ என்ற சொல் போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மீன்தொட்டி ஃபில்டர் தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று நம் குழுமத்தில் வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> ஃபில்டருக்கு ‘வடிகட்டி’ இருக்கிறது. அதன் மூன்று வகைகளுக்கும் இயந்திர வடிகட்டல், வேதி வடிகட்டல், உயிரியல் வடிகட்டல் என்று வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஐயா. மீன்தொட்டியில் ஃபில்டர் பார்க்கும் மூன்று வேலைகளில் ஒன்றுக்குத்தான் ‘வடிகட்டல்’ என்ற பெயர் பொருந்தும். மூன்றில் அதுதான் எளிய வேலை. மீனை உயிரோடு வைத்திருக்கிற வேலையில் வடிகட்டுவது என்பதே கிடையாது. மூன்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டால், அந்தப் பெயரை நம்பித் தொட்டி வைக்கிறவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்தால் கழுவ வேண்டும் என்பது யாரும் சொல்லித்தர வேண்டாத அறிவு. பழுப்பேறிய பஞ்சை எடுத்துக் குழாயடியில் வைத்து, அழுக்கு முழுவதும் போகும்வரை பிழிந்து, புத்தம்புதிதாகத் திருப்பி வைப்பார். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். சில நாளில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும். அவர் செய்ததில் பிழை இல்லை. சொல் காட்டிய வழியில் போயிருக்கிறார்.

நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். இது விளங்காமல் கலைச்சொல் அமைக்க முடியாது. மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனமும் எச்சமும் அழுகும்போதும் அம்மோனியாதான் வருகிறது. அது நீரில் கரைந்தே இருப்பதால் எந்தப் பஞ்சிலும் எந்தத் துணியிலும் சிக்காது. கண்ணுக்கும் தெரியாது. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏற ஏற அதன் கொடுமையும் ஏறும். 25 டிகிரி செல்சியசில் பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் சுமார் 0.6 சதவீதம்தான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அதுவே 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரே அளவு கழிவு, ஒரு தொட்டியில் தாங்கக்கூடியதாகவும் இன்னொரு தொட்டியில் உயிர்க்கொல்லியாகவும் இருப்பது இதனால்தான்.

இந்த அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட் ஆக்குகின்றன. நைட்ரைட்டும் நஞ்சு. அதை நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும், செடிகள் உறிஞ்சும், மிச்சத்தை வாராவாரம் ஒரு பங்கு நீரை மாற்றி நாம் வெளியேற்றுகிறோம். இரண்டு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கிற நைட்ரோஸ்பைராக்களும் உண்டு என்று 2015-இல் தெரியவந்தது. இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதில்லை. பஞ்சிலும் சரளையிலும் பீங்கான் வளையங்களிலும் படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொல்லும். பஞ்சைப் பிழிந்தவர் கழுவிக் கொட்டியது அவற்றைத்தான்.

இனி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘சுத்திகரிப்பு’ என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல். ‘நீர்ச் சுத்திகரிப்பான்’ என்றால் என்ன குறை?

தெரிந்த சொல் என்பதே குறை. குடிநீர்ச் சுத்திகரிப்பான் வழியாக அந்தச் சொல்லுக்குள் ‘கிருமி நீக்கம்’ என்ற பொருள் ஏறி உட்கார்ந்துவிட்டது. தொட்டியில் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது; நுண்ணுயிர்களைக் குடியமர்த்தி, மூச்சுக்கு ஆக்சிஜன் கொடுத்து வளர்க்க வேண்டும். இந்தச் சொல்லால் வேறொரு குழப்பமும் நேர்கிறது. சுத்திகரித்த நீர் மீனுக்கு மிக நல்லது என்று எண்ணிச் சிலர் ஆர்.ஓ. நீரை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். அந்த நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகளும் கார்பனேட்டுகளும் அநேகமாக இருக்காது. கார்பனேட் இல்லாத நீரில் பி.எச். நிலைகொள்ளாது, திடீரென்று சரியும். தாதுக்களைத் திரும்பச் சேர்த்தோ குழாய்நீரோடு கலந்தோதான் அதைப் பயன்படுத்த வேண்டும். ‘சுத்திகரிப்பு’ வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

> ‘தேற்றி’ என்று சொல்லலாமே! தேற்றாங்கொட்டை நினைவுக்கு வரவில்லையா?

வந்தது, அம்மா. உங்கள் மடலைப் படித்தபோது மனம் துள்ளியது. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிய வைப்பது சங்கப் பாடலிலேயே உவமையாக வருகிறது; தேறுதல், தேற்றுதல், தெளிதல் எல்லாம் நம்மிடம் நீரோடும் மனத்தோடும் சேர்ந்தே வளர்ந்தவை. ‘நீர்தேற்றி’ என்று சொல்லிப் பார்த்தால் நாவுக்கும் இனிமையாக இருக்கிறது. ‘தேற்றம்’ கணிதத்துக்குப் போய்விட்டதே என்று ஒருவர் தடை சொன்னார். அது பெரிய தடை அன்று, ‘தேற்றல்’ என்று எழுதலாம். எனக்குள்ள தடை வேறு. தேற்றுவது கலங்கலை. அம்மோனியாவோ தெளிந்த நீரில் இருந்துகொண்டு கொல்கிறது. தெளிவே நலம் என்ற எண்ணத்தைத்தான் தொட்டி வைப்பவரின் மனத்திலிருந்து நாம் எடுக்க வேண்டியிருக்கிறது. ‘தேற்றி’ அதை மேலும் ஆழமாக ஊன்றிவிடும். கலங்கலைப் படியவைக்கும் மருந்துகள் தனியாக உண்டு. அவற்றுக்கு இந்த அழகான சொல்லைக் கொடுப்போம்.

> நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று செரிக்கின்றன. ஆகவே ‘நுண்ணுயிர்ச் செரிப்பு’.

இதில் பாதிதான் உண்மை. எச்சத்தையும் அழுகிய இலையையும் செரிக்கிற நுண்ணுயிர்கள் தொட்டியில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் வேலை அம்மோனியாவில்தான் முடிகிறது. அதற்குப் பிறகு தொடங்குகிறதே, அந்த வேலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கூட்டம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஆக்சிஜனேற்றம் செய்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, நீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து தன் உடலைக் கட்டிக்கொள்கிறது. இப்படி வாழும் உயிர்களை 1890-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. இதைச் ‘செரிப்பு’ என்றால் அவர் பிரித்துக் காட்டியதை நாம் திரும்பவும் ஒன்றாகக் கலந்துவிடுவோம்.

என் பரிந்துரை இது. கருவிக்கு ‘வடிகட்டி’ என்ற பெயரே இருக்கட்டும். மக்கள் வாயில் இருப்பதைப் பிடுங்க வேண்டாம். வேலைகளின் பெயரை மட்டும் பிரித்துவிடுவோம். தூசியையும் எச்சத்தையும் பிடிப்பது வடிப்பு. ‘இயந்திர வடிகட்டல்’ என்பது மோட்டாரை நினைவூட்டுகிறது. பஞ்சு பிடிப்பதற்கு இயந்திரம் எதற்கு? செயலூட்டப்பட்ட கரி (ஆக்டிவேட்டட் கார்பன்), நிறத்தையும் நாற்றத்தையும் மருந்தையும் தன் பரப்பில் பிடித்துவைப்பது பற்று. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோவது நஞ்சுமுறிப்பு. நஞ்சை முறிப்பது என்பது நாம் புதிதாக உண்டாக்க வேண்டாத வழக்கு. என்ன நடக்கிறது என்பதையும் ஏன் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. குளோரினை நீக்க நாம் சேர்க்கும் தயோசல்பேட்டும் நஞ்சு முறிப்பதுதானே என்று கேட்பீர்கள். அதற்குக் ‘குளோரின் நீக்கி’ என்று நேராகவே சொல்லலாம். தவிர, நீரில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் இருந்தால் தயோசல்பேட் குளோரினை மட்டும் முறித்து அம்மோனியாவை விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்தையும் நுண்ணுயிர்களே முறிக்க வேண்டும்.

‘பற்று’ பற்றி ஒரு சொல். கரியின் பரப்பு நிரம்பிவிட்டால் பற்று முடிந்தது, மாற்ற வேண்டும். மீனுக்கு மருந்து போடும்போது கரியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தையும் அது பற்றிக்கொள்ளும். இந்த இரண்டும் சொல்லிலேயே விளங்குகின்றன. எப்போதும் கரி போட்டுவைக்க வேண்டிய தேவை பெரும்பாலான தொட்டிகளுக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, வடிகட்டிக்குள் நிரப்பும் பஞ்சு, வளையம் போன்றவற்றைக் குறிக்கும் ‘மீடியா’வுக்கான சொல். ‘வடிகட்டி ஊடகம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படிப்பவருக்குச் செய்தித்தாள்தான் நினைவுக்கு வரும். நுண்ணுயிர்கள் தங்கும் பொருளுக்கு ‘நுண்கூடு’ என்று வைப்போம் என்கிறேன். கூடு என்றால் கலைக்கக்கூடாது என்பது தமிழில் பிறந்தவர் எல்லோருக்கும் தெரியும். ‘நுண்கூட்டைக் குழாய்நீரில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்ல அலசுங்கள்’ என்று எழுதினால் காரணம் கேட்காமலே மனத்தில் நிற்கும். ‘உயிர்க்கூடு’ என்று முதலில் நினைத்தேன். அது உடம்பைக் குறிக்கும் சொல்லாகப் பாடல்களில் ஊறிப்போயிருப்பதால் விட்டுவிட்டேன்.

இந்தச் சொல் இருந்தால் வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பதும் நேராகிவிடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து வாங்குகிறோம். தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு நான்கு முதல் ஆறு மடங்கு நீர் சுழல வேண்டும் என்பது பொது வழக்கு. 100 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 400 முதல் 600 லிட்டர். ஆனால் பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் வெறும் பம்பின் வேகம். உள்ளே பஞ்சும் வளையமும் நிரப்பி, அவற்றில் அழுக்கும் சேர்ந்தபின் ஓட்டம் வெகுவாகக் குறையும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதில் நுண்கூட்டுக்கு எவ்வளவு இடம்?’ என்பது. சிறிய தொட்டிக்கும் குஞ்சுகளுக்கும் காற்றுக்குழாயில் இயங்கும் பஞ்சு வடிகட்டி மிக நல்லது. பஞ்சு முழுவதும் கூடுதான், குஞ்சை இழுக்காது. பீட்டா போன்ற நீள்துடுப்பு மீன்களுக்கும் அந்த மெல்லோட்டம்தான் ஏற்றது. மீன் அதிகமுள்ள பெரிய தொட்டிக்கு வெளியே வைக்கும் கெனிஸ்டர் என்ற மூடிய குடுவை வகை அதிக இடம் தருகிறது. விளிம்பில் தொங்கும் வகை இடைப்பட்டது. அதில் மாதாமாதம் பஞ்சு அடங்கிய முழுத் தட்டையும் எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லும் அமைப்பை நான் ஏற்கமாட்டேன். கூட்டையே எறியச் சொல்கிறது. தட்டுக்குப் பின்னால் நிலையான ஒரு நுண்கூடு வைக்க இடமிருந்தால் வாங்கலாம்.

வடிகட்டியை இரவில் நிறுத்திவைக்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓட்டம் நின்றால் மூடிய கெனிஸ்டருக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பல மணி நேரம் நின்றுவிட்டால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுத் தொட்டி நீரில் அலசிய பிறகே மறுபடி ஓடவிட வேண்டும்.

> ‘சைக்கிளிங்’ என்பதற்குச் ‘சுழற்சிப்படுத்தல்’.

வேண்டாம் தம்பி. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்களைக் குடியமர்த்துவதைத்தான் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். பம்பை ஓடவிட்டு நீரைச் சுழற்றினால் போதும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ‘தொட்டியைப் பழக்குதல்’ என்று சொல்லிப் பாருங்கள். புது இரும்புச் சட்டியைப் பழக்கித்தான் அடுப்பில் ஏற்றுகிறோம். தொட்டியையும் பழக்கித்தான் மீன் விட வேண்டும். மீன் இல்லாமலே அம்மோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் தீர்ந்து, நைட்ரைட்டும் சுழியாகி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி பழகிவிட்டது. வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழகிய தொட்டியின் நுண்கூட்டில் ஒரு பங்கை எடுத்து வைத்தால் வெகு சீக்கிரம் பழகும். ‘பழகாத தொட்டி’, ‘பாதி பழகிய தொட்டி’ என்றெல்லாம் இயல்பாக நீட்டிக்கொள்ளலாம் என்பது இந்தச் சொல்லின் பெரிய வசதி.

கெனிஸ்டருக்குக் ‘குடுவை வடிகட்டி’ என்று வந்த பரிந்துரை எனக்கு உடன்பாடே. தொட்டிக்குக் கீழே தனியாக வைக்கும் சம்ப்புக்கு ‘அடித்தொட்டி’ என்று எழுதிவருகிறேன். ஆனால் அது தொட்டியின் அடிப்பாகம் என்றும் பொருள்படுகிறது. அதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
குழும உறுப்பினன்