எவோ 9-ஐத் தினமும் ஓட்ட வேண்டும்: டிராஃபிக்கில் சூடு, சிக்னலில் ஆஃப், கிளம்பும்போது நீலப் புகை

பூஸ்ட்பிரியன் கேட்டது:

வண்டி மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9, 4ஜி63 என்ஜின். ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ராடும், 272 கேம் (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்), பெரிய பால் பேரிங் டர்போ, 1000 சிசி இன்ஜெக்டர், முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது), காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வு, ட்வின் பிளேட் கிளட்ச், நான்கு என்ஜின் மவுன்ட்டும் பாலியூரித்தேன். 1.7 பார் பூஸ்ட்டுக்கு (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) டியூன் செய்தது. உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சர் மட்டும் கம்பெனி ஃபிட்டிங்.

இனி தினமும் போக 18, வர 18 கி.மீ. பாதி தூரம் நின்று நின்று நகரும் டிராஃபிக். பத்து நிமிடம் நின்றால் கூலன்ட் 104 டிகிரி, ஓட ஆரம்பித்தால் 88-க்கு இறங்கிவிடுகிறது. ஏசி போட்டால் இன்னும் சீக்கிரம் ஏறுகிறது. சிக்னல் வரும்போது கிளட்ச் மிதித்தால் ஆர்பிஎம் 400-க்கு விழுகிறது, சில சமயம் ஆஃப். ரொம்ப நேரம் ஐடிலிங்கில் நின்று கிளம்பினால் நீலப் புகை கொஞ்சம் வருகிறது.

தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றச் சொல்கிறார்கள், டர்போ சீல் போச்சு என்கிறார்கள். பூஸ்ட்டைக் குறைத்தால் எல்லாம் சரியாகுமா?

நாலுவால்வு:

பூஸ்ட்டைக் குறைத்தால் இதில் ஒன்றுகூடச் சரியாகாது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்றுமே பூஸ்ட் இல்லாத நேரத்தில் வரும் கோளாறுகள். 1.2 பாருக்கு இன்னொரு மேப் (என்ஜின் கம்ப்யூட்டருக்கான டியூன்) வைத்துக்கொண்டால் கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் நல்லது, அது வேறு கணக்கு.

சூட்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் போதும், காற்றுதான் போதவில்லை. ஓடும்போது ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் என்று யோசிக்க வேண்டும். 104-ல் தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கும், கழற்றி ஒரு டிகிரிகூடக் குறையப் போவதில்லை. நஷ்டம் காலையில் தெரியும். என்ஜின் சூடாக நேரமாகும், அதுவரை ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) அதிகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும், அது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் சம்பில் போய்ச் சேரும்.

ஃபேனை ஓடவிட்டு ஏசி கண்டென்சரின் முகத்தில் ஒரு தாளைப் பிடியுங்கள். நடுவில் மட்டுமல்ல, நான்கு மூலையிலும் ஒட்டி நிற்க வேண்டும். பெரிய இன்டர்கூலர் போடும்போது இடம் பற்றாமல் ஷ்ரவுடை (ரேடியேட்டர் முழுவதும் காற்றை இழுக்க வைக்கும் ஃபேன் கூடு) கழற்றிவிட்டு ஸ்லிம் ஃபேனை நேராக ரேடியேட்டரில் கட்டிவிடுவார்கள். அப்போது ஃபேன் தன் வட்டத்துக்குள் மட்டும்தான் இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். அடுத்தது, ரேடியேட்டரின் மேலும் பக்கங்களிலும் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், பின்னால் போன சூடான காற்று அந்த வழியே சுற்றி மறுபடி முன்னால் வரும். ஃபோம் பட்டை வைத்து அடையுங்கள். அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு மல்டிமீட்டர். ஃபேன் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், ஃபேன் கனெக்டரில் எத்தனை வோல்ட்? அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் புது ரேடியேட்டர் வாங்கும் யோசனையை ஒத்திவையுங்கள்.

104 என்றால் கொதித்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை, நல்ல மூடி என்றால் 120 தாண்டித்தான் கொதிக்கும். ஆனால் அந்தச் சூட்டோடு சிக்னலில் இருந்து கிளம்பி முழு பூஸ்ட் கொடுத்தால் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வர வாய்ப்பு அதிகம். இன்டர்கூலரும் அதே பத்து நிமிடம் வெந்திருக்கும். கிளம்பி ஓரிரு நிமிடம் மெதுவாகப் போங்கள்.

மேப்_எழுதுபவர்:

ஆஃப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் புளோ ஆஃப் வால்வுதான். ஏர்ஃப்ளோ சென்சர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. உள்ளே வந்த காற்றை அது எண்ணிவிட்டது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அந்தக் காற்றை வால்வு வெளியே ஊதிவிடுகிறது. ஈசியு பாவம், இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றுகிறது. பிளக் நனைந்து ஆர்பிஎம் விழுகிறது. ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் இன்னொரு தொல்லை: ஐடிலிங் வேக்குவம் வால்வை லேசாகத் திறந்து வைக்கும், எண்ணாத காற்று உள்ளே போகும்.

வால்வின் வாயில் ஹோஸ் போட்டு, சென்சருக்கும் டர்போவுக்கும் நடுவே இன்டேக் பைப்பில் திருப்பி விடுங்கள். அந்த "ப்ஷ்" சத்தம் போய்விடும், வருத்தம்தான். சத்தம் வேண்டும் என்றால் சென்சரை எடுத்துவிட்டு ஸ்பீட் டென்சிட்டி டியூனுக்கு (அழுத்தம், வெப்பம், ஆர்பிஎம் வைத்துக் காற்றைக் கணக்கிடுவது) போக வேண்டும்.

ஹோஸ் மாற்றிய பிறகும் ஐடிலிங் ஆடினால், ரேடியேட்டர் ஃபேன் ஓடும் அந்த நொடியில் ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஃபேன், ஏசி, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்தால் வோல்ட்டேஜ் இறங்கும். வோல்ட்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும். 1000 சிசி இன்ஜெக்டர் ஐடிலிங்கில் திறந்திருப்பதே ஒன்றிரண்டு மில்லி செகண்ட், அதில் 0.2 குறைந்தாலும் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும். டியூனில் அந்த இன்ஜெக்டருக்கே உரிய லேட்டன்ஸி (திறக்கும் தாமதம்) அட்டவணை 11 வோல்ட்டிலிருந்து 14 வோல்ட் வரை சரியாக இருக்க வேண்டும். 272 கேமுக்கு ஐடிலிங் 950 வையுங்கள், ஏசியோடு 1050. கம்பெனி ஆர்பிஎம்மில் அது நிற்காது.

மேப்பைத் தொடுவதற்கு முன் பூஸ்ட் லீக் டெஸ்ட் கட்டாயம். டர்போ வாயை மூடி 1.5 பார் காற்று ஏற்றி எல்லா கிளிப்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். லீக்கை வைத்துக்கொண்டு டியூன் செய்வது ஓட்டைப் பானையில் அளந்து ஊற்றுவது மாதிரி.

ஆயில்கேன்:

நீலப் புகைக்கு உடனே டர்போவைக் கழற்ற வேண்டாம். டர்போவுக்குள் ரப்பர் சீல் எதுவும் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு ரிங்தான். பேரிங்கில் இருந்து ஆயில் தானாகக் கீழே இறங்கினால்தான் அது தடுக்கும். இறங்க வழியில்லாமல் தேங்கினால் புது டர்போவும் புகைவிடும்.

மூன்று இடம் பாருங்கள். ஒன்று, டிரெய்ன் பைப்: உள்விட்டம் 16 மி.மீ. அளவுக்கு இருக்க வேண்டும், எங்கேயும் தொய்வு இல்லாமல் சரிவாகவே இறங்க வேண்டும். இரண்டு, பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் போகும் வழியில் சுமார் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா? பல டர்போவில் உள்ளேயே இருக்கும், மேலே இன்னொன்று போட்டுப் பேரிங்கைக் காயவிடாதீர்கள். மூன்று, கிராங்க்கேஸ் பிரஷர் (என்ஜின் அடிப்பகுதிக்குள் சேரும் காற்றழுத்தம்). ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டுங்கள். பலூனாக ஊதினால், ஒன்று கேட்ச் கேன் (அந்தக் காற்றோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) ஃபில்டர் அடைத்திருக்கிறது, இல்லை பிஸ்டன் ரிங் கசிகிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டும் ஊதினால் சூடான என்ஜினில் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்று ஏற்றி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது). 10 சதவீதத்துக்குள் நல்லது, 20 தாண்டினால் காற்று எந்த வழியே சீறுகிறது என்று காது வையுங்கள்.

என்ஜின் வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீலும் இதே மாதிரி ஏமாற்றும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுக் கியரிலேயே உருட்டி, கீழே வந்து மிதியுங்கள். அப்போது புகை வந்தால் ஸ்டெம் சீல்.

பிஸ்டன் எந்த அலாய் என்று எழுதவில்லை. 2618 என்றால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் கிளியரன்ஸ் அதிகம் விடுவார்கள், காலையில் தட்டும் சத்தம் கேட்கும். 4032-ல் சிலிக்கான் அதிகம், விரிவு குறைவு, தினசரி வண்டிக்கு அதுதான் சமர்த்து. எதுவானாலும் ஆயில் 80 டிகிரி தாண்டும் வரை பூஸ்ட் வேண்டாம். கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது பின்னாலேயே மெதுவாகத்தான் வரும். 5,000 கி.மீ.-க்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் அதற்கும் முன்னாடியே.

கியர்நாப்:

நான்கு மவுன்ட்டும் பாலி வேணாம் சார். முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற ரெண்டு மட்டும் பாலியா இருக்கட்டும், இடது வலது ரெண்டையும் கம்பெனி ரப்பருக்கே மாத்துங்க. கண்ணாடி ஆடுறது, டேஷ்போர்டு கடகடங்கிறது பாதிக்கு மேல அடங்கிடும்.

ட்வின் பிளேட் நியூட்ரல்ல கலகலன்னு சத்தம் போடும், அது கோளாறு இல்ல. டிராஃபிக்ல அரை கிளட்ச்ல ஊர்ந்தா மட்டும் அது தாங்காது. முன்னாடி ரெண்டு வண்டி இடம் விட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல முழுசா விட்டு நகருங்க.

யாரும் பெல்ட்டைப் பத்திப் பேசல. 4ஜி63-ல டைமிங் பெல்ட் கூடவே பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்குன்னு (என்ஜின் அதிர்வைக் குறைக்கிற தண்டு) ஒரு சின்ன பெல்ட் இருக்கு. அது அறுந்தா துண்டு பெரிய பெல்ட்டுல மாட்டும், வால்வு பிஸ்டனை இடிக்கும், கதை முடிஞ்சது. பெரிய கேம், தடிச்ச ஸ்பிரிங் இருக்கிற என்ஜின்ல 50,000 கி.மீ.-க்கே ரெண்டையும் டென்ஷனரோட (பெல்ட்டை இறுக்கமா வைக்கிற பாகம்) மாத்திடுங்க. கிராங்க் சீல்ல ஆயில் கசிஞ்சு பெல்ட் நனைஞ்சிருந்தா கிலோமீட்டர் கணக்கே பார்க்க வேணாம்.

பூஸ்ட்பிரியன்:

தாள் மேல் இரண்டு மூலையிலும் ஒட்டவில்லை, ஷ்ரவுடு இல்லை. பேட்டரியில் 13.8, ஃபேன் கனெக்டரில் 11.7. ஃபேன் ஓடும் நொடியில் ஐடிலிங் ஆடுவதும் உண்மை.

நாலுவால்வு:

2.1 வோல்ட் வழியில் போகிறது. ஃபேன் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஃபேனின் எர்த் வயரிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்விலும் வையுங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். அங்கே சரியாக இருந்தால் குறை பாசிட்டிவ் பக்கம். பேட்டரியில் இருந்து தனி ஃப்யூஸ், புது ரிலே, 4 சதுர மி.மீ. வயர். ஷ்ரவுடு அதற்குப் பிறகு.