பையனுக்குப் பள்ளியில் தொல்லை: எழுத்தில் புகார் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் மகன் எட்டாம் வகுப்பு. கொஞ்சம் திக்கிப் பேசுவான். இரண்டு மாதமாகப் பள்ளியிலிருந்து வந்ததும் சட்டையை அவனே துவைத்துப் போடுகிறான். பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன், பாருங்கள்! போன வாரம்தான் தெரிந்தது, முதுகில் பேனாவால் 'தி.. தி.. திக்குவாய்' என்று எழுதி அனுப்புகிறார்கள். அவன் பேசுவதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் சுற்ற விட்டிருக்கிறார்கள்.

வகுப்பாசிரியரிடம் போனேன். "பசங்க விளையாட்டுங்க, பெரிசு பண்ணாதீங்க" என்றார். கடைசியாக எழுதிய சட்டையைத் துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, தலைமையாசிரியரிடம் எழுத்திலேயே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நகலில் முத்திரையும் தேதியும் போட்டுத் தரச் சொன்னால் தருவார்களா? தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டும் தெரியும். அவற்றில் பேசியவர்கள் யாராவது உண்டா? பையன் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறார்களா? அப்புறம், அந்த வீடியோவை எப்படி அழிக்க வைப்பது?

பள்ளியை மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள். தப்பு செய்யாதவன் எதற்கு டிசி வாங்க வேண்டும்? மதியம் அவனோடு உட்கார்ந்து சாப்பிட ஒரே ஒரு நண்பன் இருக்கிறான், அதுவும் அந்தப் பள்ளியில்தான்.