‘உயிரே’ படத்தில் மேக்னாவின் பேச்சைக் கேட்டவர் யார்?

செங்காந்தள்:

மணிரத்னம் இந்தியில் இயக்கி 1998 ஆகஸ்டில் வெளியான ‘தில் சே’ படத்தை, தமிழில் ‘உயிரே’ என்று நாம் பார்த்த அதே படத்தை, சென்ற வாரம் இந்தியிலேயே முழுதாகப் பார்த்தேன். பள்ளி வயதில் பாட்டுக்காகவே பார்த்த படம் இது. இப்போது பார்த்து முடித்தபோது கோபம்தான் மிஞ்சியது. காரணத்தை எழுதுகிறேன், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மறுத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாயகன் அமர் தில்லியில் அகில இந்திய வானொலியில் பணிபுரிபவன். நாடு விடுதலை பெற்ற 50ஆம் ஆண்டையொட்டி வடகிழக்கு மக்களின் கருத்தைப் பதிவு செய்யப் போகிறான். மக்கள் தங்கள் குறைகளைச் சொல்கிறார்கள். அவன் ஒலிவாங்கியை நீட்டுகிறான். மறைந்து வாழும் இயக்கத் தலைவர் ஒருவரையும் தேடிப் போய்ப் பேட்டி காண்கிறான். இப்படி ஊரார் பேச்சை எல்லாம் நாடாவில் ஏற்றிக்கொள்பவன், தான் விரும்பும் பெண்ணான மேக்னா சொல்லும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்குவதே இல்லை. தனக்குத் திருமணம் ஆகிவிட்டது என்று பொய் சொல்லிப் பார்க்கிறாள், விடவில்லை. அடித்துப் போடுகிறார்கள், அப்போதும் விடவில்லை. அவள் எங்கே பேசினாள் என்று தொலைபேசிக் கடையில் விசாரித்து லடாக் வரை வருகிறான். பேருந்து பழுதாகி வழியில் நின்ற பயணத்தில் அவளை வற்புறுத்தி அணைத்து முத்தமிட முயல்கிறான். அவள் மூச்சுத் திணறித் துடிக்கிறாள். சிறுமியாக இருந்தபோது படைவீரர்களால் வன்புணர்வுக்கு ஆளானவள் அவள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது.

அந்தக் கொடுமை படத்தின் பிற்பகுதியில் சில நிமிடங்களில் வந்து போகிறது. மற்ற நேரமெல்லாம் அவன் ஏக்கம்தான், அவன் பாட்டுத்தான். மக்கள் பட்ட வன்முறையை நாடக மேடைப் படுதாவைப் போல ஒரு காதலுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

வைகைக்கரையான்:

நீங்கள் பட்டியலிட்ட எதையும் மறுக்கவில்லை, செங்காந்தள். ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்த முடிவு தவறு என்று நினைக்கிறேன். அமர் செய்வது சரி என்று படம் எங்கே சொல்கிறது?

அவன் அரசு வானொலிக்காரன் என்பது தற்செயலாக வந்த வேலை அன்று. அழையாமல் வருகிறான், நேசிக்கிறேன் என்கிறான், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறான், மறுத்தால் காரணம் கேட்கிறான். வடகிழக்கில் ஒரு சாதாரண மனிதரிடம் தில்லி நடந்துகொண்ட விதத்தை ஒரே ஆளின் நடத்தைக்குள் அடக்கிக் காட்ட வேண்டுமென்றால் வேறு எப்படி எழுத முடியும்? ‘நீ என்னுடையவள்’ என்ற நேசத்துக்கும் ‘நீ என்னுடைய நிலம்’ என்ற ஆட்சிக்கும் உள்ள உறவைத்தான் படம் காட்டுகிறது.

இதே இயக்குநர் அரசியல் வன்முறையைப் பின்னணியாக வைத்து முன்பு எடுத்த இரண்டு படங்களையும் நினைத்துப் பாருங்கள். 1992இல் வந்த ‘ரோஜா’வின் நாயகன் எரியும் கொடியின் மேல் தன் உடலையே போட்டு அணைத்தான், படம் யார் பக்கம் என்பதில் ஐயமே இல்லை. 1995இல் வந்த ‘பம்பாய்’ கலவரத்துக்கு நடுவே மக்கள் கைகோத்து நிற்பதோடு முடிந்தது. மூன்றாவதான இந்தப் படத்திலோ ஆறுதலே இல்லை. தில்லிக்காரனும், தற்கொலைத் தாக்குதலுக்கு வந்த மலைநாட்டுப் பெண்ணும் ஒரே வெடிப்பில் அழிகிறார்கள். தன் முந்தைய படங்களின் நம்பிக்கையைத் தானே கைவிட்ட ஒரு கலைஞனின் வேலையாக நான் இதைப் பார்க்கிறேன்.

வானலை:

வானொலி பற்றிய பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். நாடாப் பதிவு இருந்த காலத்தில் ஒரு வானொலி நிலையத்தில் சில ஆண்டுகள் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவள் நான். பேட்டி எடுத்து வந்தால் முதல் வேலை வெட்டி ஒட்டுவது. நாடாவைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் உருட்டி, சொல் முடியும் இடத்தைக் காதால் பிடித்து, அங்கே மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, அடுத்த சொல் தொடங்கும் இடத்தோடு ஒட்டுவோம். வெட்டி எறிவதில் பெரும்பகுதி மௌனம்தான். பேசுகிறவர் தயங்கிய இடம், தொண்டை அடைத்த இடம், பதில் சொல்லாமல் எங்கோ பார்த்த இடம் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும்.

மேக்னா வாழ்வது முழுக்க அந்த இடங்களில்தான். அமர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவள் தருவது அப்படிப்பட்ட ஒரு இடைவெளி. என் பழைய வேலையின் கண்ணால் பார்க்கும்போது, அவளிடம் பேச்சை மட்டுமே எதிர்பார்ப்பதுதான் அவன் பிழை என்று தோன்றுகிறது.

இன்னொன்று. மழை கொட்டும் இரவில் சிறிய ரயில் நிலையத்தில் அவளை முதன்முதலாகச் சந்திக்கிறானே, அதைத் தில்லிக்குத் திரும்பியதும் உலகின் மிகச் சிறிய காதல் கதை என்று வானொலியில் சொல்கிறான்; எங்கோ இருக்கும் அவள் அதைக் கேட்கிறாள். இந்தப் படத்தில் உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். இது செங்காந்தளுக்குச் சாதகமா, வைகைக்கரையானுக்குச் சாதகமா என்று எனக்கே தெளிவில்லை.

செங்காந்தள்:

வானலை அக்கா, நீங்கள் சொன்ன அந்தக் கடைசிச் செய்தியை நான் கவனிக்கவில்லை. நன்றி.

வைகைக்கரையான் அவர்களுக்கு: அமரைத் தில்லியின் உருவமாகப் படிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தின் மொழி அப்படிப் படிக்க விடுகிறதா? ஊட்டி மலை ரயிலின் கூரை மேல் ஆடிப் பாடும் அந்தப் பாட்டைப் பாருங்கள். ஏ.ஆர். ரகுமானின் தாளமும் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும் சேர்ந்து அவனுடைய கிறக்கத்தை நமக்கும் ஏற்றிவிடுகின்றன. அந்த மயக்கத்தில் இருப்பவரிடம் நாயகனை ஐயத்தோடு பார் என்று சொன்னால் யாருக்குக் காது கேட்கும்?

தமிழில் பார்த்தவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. அமராக நடித்த ஷாருக் கானுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் அரவிந்த்சாமி. ‘ரோஜா’விலும் ‘பம்பாய்’ படத்திலும் நாம் நேசித்த, நம்பிய அதே குரல். அந்தக் குரலில் ஒருவன் கெஞ்சினால், எதிரே நிற்பவள் ஏன் மறுக்கிறாள் என்றுதான் நமக்குத் தோன்றும். என் வீட்டில் அப்படித்தான் தோன்றியது. ‘பாவம், அந்தப் பையனை இப்படிப் படுத்துகிறாளே’ என்று அம்மா சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது.

அவள் பக்கம் நின்று இப்படி ஒரு கதையைச் சொல்லவே முடியாது என்றால் நானும் வாதிட மாட்டேன். இதே சந்தோஷ் சிவன் ஏறக்குறைய அதே காலத்தில், தற்கொலைத் தாக்குதலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணை மையமாக வைத்துத் தமிழில் ஒரு படம் இயக்கினார். அதில் கேமரா அவள் முகத்தை விட்டு நகர்வதே அரிது. அவள் மூச்சும் கழுத்து வியர்வையும்தான் கதை. ஆக, வழி இருந்தது. இந்தப் படம் அந்த வழியில் போகவில்லை.

தணிகைவேல்:

நீங்கள் இருவரும் அமரின் மனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேக்னாவின் கதைக்கு அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆயுதப்படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டம் 1958இல் அன்றைய அசாம், மணிப்பூர் பகுதிகளுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஐயத்தின் பேரில் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம், குறிப்பிட்ட சூழல்களில் உயிர் போகும் அளவுக்குச் சுடலாம் என்கிறது 4ஆம் பிரிவு. அதன் பேரில் செய்ததற்காக ஒரு வீரர் மீது வழக்குத் தொடர வேண்டுமென்றால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. மேக்னாவைப் போன்ற ஒரு சிறுமி புகார் கொடுத்திருந்தால் அந்தக் காகிதம் எந்த மேசையில் போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் ஏன் நீதிமன்றப் படி ஏறவில்லை என்ற கேள்வியில் இந்தப் படம் ஒரு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை.

2004 ஜூலையில் மணிப்பூரில், துணை ராணுவத்தினர் வீட்டிலிருந்து பிடித்துச் சென்ற ஓர் இளம்பெண் பிணமாகக் கிடைத்தார். அதைத் தொடர்ந்து இம்பாலில் காங்லா கோட்டை வாயிலில் அந்த ஊர்த் தாய்மார்கள் ஆடையைக் களைந்து நின்று முழங்கினார்கள். பாலியல் குற்றங்களில் படையினருக்கு இந்த முன் அனுமதிக் காப்பு இருக்கக் கூடாது என்று நீதிபதி வர்மா குழு பரிந்துரைத்தது 2013இல். படம் வந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு. இவ்வளவு பெரிய உண்மையை ஒரு பெண்ணின் தனிப்பட்ட காயமாகவும் பழிவாங்கலாகவும் சுருக்கியதுதான் என் குறை. செங்காந்தளின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அமர் ஒரு நல்ல காதலனாகவே இருந்திருந்தாலும் இந்தக் குறை அப்படியே இருந்திருக்கும்.

வைகைக்கரையான்:

தணிகைவேல் ஐயா, சட்டத்தைப் பற்றிச் சொன்னதற்கு மறுப்பில்லை. ஆனால் காலத்தையும் கருதுங்கள். 1991 மே 21 திருப்பெரும்புதூருக்குப் பிறகு, வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு வரும் பெண் என்ற உருவத்தைத் தமிழ்நாட்டில் எவரும் பதறாமல் பார்க்க முடியாத நேரம் அது. குடியரசு நாள் அணிவகுப்பில் குடியரசுத் தலைவரைக் கொல்ல வருபவளை மனிஷா கொய்ராலாவின் முகத்தோடு, ஒரு நாள் சிதைந்துபோன சிறுமியின் நினைவோடு, பெரிய நட்சத்திரப் படத்தில் காட்டி, பார்ப்பவரை ஒரு கணமாவது அவளுக்காக அழவைத்ததைச் சிறிய செயலாக என்னால் நினைக்க முடியவில்லை. தீங்கு செய்தவர்கள் நம்முடைய படைவீரர்கள் என்று அந்தப் படம் மறைக்காமல் சொன்னது.

பாட்டு மயக்குகிறது என்ற வாதத்துக்கு, லடாக் பாட்டையே பதிலாக வைக்கிறேன். அது காதலின் ஏழு நிலைகளைக் கடந்து மரணத்தில் முடியும் பாட்டு. மரணத்தின் மடியில் என்னை உறங்கவிடு என்ற பொருளில் குல்சார் எழுதிய வரியோடு அமர் சாய்கிறான். இந்தக் காதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் படம் பாதி வழியிலேயே சொல்லிவிட்டது.

அரவிந்த்சாமியின் குரல் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். தமிழில் மட்டும் பார்த்தவன் நான். அந்தக் குரலுக்காக அமரை எத்தனை இடங்களில் மன்னித்தேன் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

வானலை:

மொழிமாற்றத்தைத் தொட்டதால் ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். தமிழில் ‘பூங்காற்றிலே’ என்று தொடங்குவது. அறிமுகமில்லாதவளே, நீயும் எங்கிருந்தாவது ஒரு முறை குரல் கொடு என்பது இந்தியில் அதன் தொடக்கத்தின் பொருள். வானொலிக்காரன் முதல்முறையாக அடுத்தவரின் குரலுக்காகக் காத்திருக்கிறான். வைரமுத்துவின் தமிழில் அவன் காற்றில் அவளுடைய சுவாசத்தைத் தேடுகிறான். அழகான வரிதான், நான் பலமுறை ஒலிபரப்பியிருக்கிறேன். ஆனால் ‘குரல் கொடு’ என்ற வேண்டுதல் தமிழில் வரவில்லை.

செங்காந்தள்:

அக்கா, இந்தியில் இரண்டு முறை கேட்டும் அந்த வரியின் பொருளைக் கவனிக்காமல் விட்டேன். அவன் ஒரு முறையாவது அவளுடைய குரலுக்காகக் காத்திருந்தான் என்பதை எழுதி வைக்கிறேன். என் முதல் பதிவில் ‘காதில் வாங்குவதே இல்லை’ என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். முடிவுக் காட்சியில் மட்டும் என் கருத்து மாறவில்லை. உடலில் வெடிகுண்டோடு நிற்பவளிடம்கூட அவன், தன்னை நேசிக்கிறாளா என்பதைத்தான் கேட்கிறான். உனக்கு என்ன செய்தார்கள், யார் செய்தார்கள் என்று அந்த ஒலிவாங்கியை நீட்டவில்லை.