மீன் ஊரில் வளரும் ஃபெரெட்டுக்கு மீனே போதுமா?

கீழக்கரைவாசி:
சென்னையில் இருந்த என் மைத்துனர் வெளிநாடு போகும்போது தாம் வளர்த்த ஃபெரெட்டை (கீரி போல நீண்ட உடல் கொண்ட சிறு வளர்ப்புப் பிராணி) எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். ஆண், ஒன்றேகால் வயது, எடை 1 கிலோ 200 கிராம். தெருவில் எல்லோரும் அதை "வெள்ளைக் கீரி" என்றே அழைக்கிறார்கள். வந்த நாள் முதல், வேகவைத்த சூடை மீனைச் சோற்றுடன் பிசைந்து வைத்து வருகிறோம். ஆவலாகத்தான் தின்கிறது. ஆனால் இரண்டு வாரங்களாக அதன் மலத்தில் எள் தூவியதுபோலச் சிறு மணிகள் தென்படுகின்றன. வால் முடியும் மெலிந்திருக்கிறது. மீனை நிறுத்த வேண்டுமா, சோற்றை நிறுத்த வேண்டுமா, அல்லது கடையில் விற்கும் உலர் தீவனத்துக்கு மாற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாம்பன் நாட்டுப்படகு:
பாய், மீனைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியாது. வலை உதறும் இடத்திலேயே பிறந்து வளரும் பூனைகள், காரலையும் சூடையையும் தின்றே தலைமுறை தலைமுறையாகக் கொழுத்துத் திரிகின்றன. விடியற்காலையில் கரையேறும் மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எங்கோ எப்போதோ உலர்த்தி அடைத்த பொட்டலத்தைத் தேடிப் போவது, ஊற்றுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு குடத் தண்ணீரை விலைக்கு வாங்குவது போன்றது. சோற்றை வேண்டுமானால் குறையுங்கள். மீனில் கை வைக்காதீர்கள்.

மண்டபம் மாணவி (கால்நடை மருத்துவம்):
சோற்றைக் குறைப்பது போதாது, அறவே நிறுத்திவிட வேண்டும். ஃபெரெட் கீரி இனம் அன்று. ஐரோப்பியக் காட்டு விலங்கான போல்கேட்டிலிருந்து மனிதர் பழக்கி எடுத்தது. நீர்நாய்க்கும், மென்முடிக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் மிங்க்குக்கும் உறவு. அதற்குக் குடல் மிகக் குறுகியது, பெருங்குடல்வாய்ப் பை கிடையவே கிடையாது. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். அந்த அவகாசத்தில் மாவுப்பொருளையும் நாரையும் அதனால் உருப்படியாகச் செரிக்க முடியாது. நீங்கள் கண்ட மணிகள் பெரும்பாலும் செரியாத மிச்சங்களே. முடி மெலிவதற்குப் பருவ உதிர்வு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு என வேறு காரணங்களும் உண்டு என்பதால், அதை மட்டும் ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

மீனைப் பற்றி. கடற்கரைப் பூனையை எடுத்துக்காட்டாக ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பூனை மீன் தின்றது நம் கண்ணில் படுகிறதே தவிர, இரவில் அது பிடிக்கும் எலியும் பல்லியும் படுவதில்லை. வீட்டில் அடைபட்ட ஃபெரெட்டுக்கு நாம் வைப்பதுதான் உலகம். சாளைக் குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்னும் நொதி உண்டு. பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அது உணவிலுள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும். 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பச்சைக் கெண்டை மீன் கொடுத்து வளர்த்த ஒரு பண்ணையின் நரிகள் கால் இழுத்துக்கொண்டு மடிந்த பிறகுதான் இந்த விஷயம் வெளிப்பட்டது. பண்ணைக்காரரின் பெயராலேயே அதைச் சாஸ்டெக் வாதம் என்கிறார்கள். ஃபெரெட்டின் உறவான மிங்க்கும் அந்த நோய்க்கு ஆளாகும்.

பாம்பன் நாட்டுப்படகு:
தங்கச்சி, பாய் வேகவைத்துக் கொடுப்பதாகத்தான் எழுதியிருக்கிறார். வெந்துவிட்டால் அந்த நொதி செத்துப்போகும் அல்லவா? நரி செத்த கதை இங்கே எதற்கு?

மண்டபம் மாணவி:
ஒப்புக்கொள்கிறேன் அண்ணன், வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்; அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேகவைத்த தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்பது முக்கியம். இந்த விலங்குக்கு இன்றியமையாத டாரின் என்னும் அமினோ அமிலம் நீரில் கரையக்கூடியது. நீரை வடித்துக் கொட்டினால் டாரினில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும்.

பாம்பன் நாட்டுப்படகு:
கொட்டுவதற்கு யார் சொன்னது? உப்பும் மிளகாயும் போடாமல் குறைந்த நீரில் அவித்து, அந்தச் சாற்றையே மீன்மேல் ஊற்றி வைக்கட்டும். எங்கள் வீட்டில் மீன் அவித்த நீரைக் கீழே ஊற்றினால் என் தாயார் என்னையும் சேர்த்து வெளியே ஊற்றிவிடுவார்.

மண்டபம் மாணவி:
சாற்றோடு கொடுப்பது சரியான வழிதான். அப்போதும் இரண்டு சிக்கல்கள் மிஞ்சுகின்றன. சூடை, சாளை போன்ற மீன்களின் எண்ணெய் எளிதில் காறிப்போவது. அதையே நாள்தோறும் தின்றால் உடலின் ஈ வைட்டமின் கரைந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மஞ்சளாகி வீங்கி வலிக்கும். மீனே முழு உணவாகக் கிடைத்த பூனைகளிடமும் மிங்க்குகளிடமும் இது நன்கு அறியப்பட்ட நோய்.

அடுத்தது, நம் கரைக்கே உரிய சிக்கல். ஃபெரெட் எது உணவு, எது உணவு இல்லை என்பதைப் பிறந்த சில மாதங்களுக்குள் வாசனையாலேயே முடிவு செய்துகொள்கிறது. பழகாத ஒன்றைப் பட்டினி கிடந்தாலும் தொடாமல் விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை வருகிறது. அந்த நாட்களில் சூடை வரத்துக் குறைந்து விலை ஏறும்போது, ஒரே மீனுக்குப் பழகிய இந்தப் பிராணி என்ன செய்யும்? ஆகவே நான் சொல்வது, விலங்குப் புரதம் மிகுந்த பூனைக்குட்டித் தீவனம் அடிப்படை, வாரம் ஓரிரு முறை மீன் என்பதே.

தொண்டிக்காரன்:
காக்கா, மாணவி சொல்லும் பொட்டலத்தை வாங்கும் முன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். மாவுப்பொருள் எவ்வளவு என்று அச்சிட்டிருக்க மாட்டார்கள். நாமேதான் கணக்குப் போட வேண்டும். என் வீட்டுப் பூனைக்கு வாங்கிய பொட்டலத்தில் புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10 என்று நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் போட்டிருக்கிறது. சாம்பல், அதாவது தாது உப்புகள், 8 என்று வைத்தாலும் கூட்டினால் 66. மீதி 34 மாவு. அதாவது மூன்றில் ஒரு பங்கு! சோற்றை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதே சோற்றை மக்காச்சோளமாக்கி வேறு பையில் கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? நான் பரிந்துரைப்பது பச்சைக் கோழிக்கழுத்து, இரைப்பை, இதயம், சிறிது ஈரல், வாய்த்தால் பண்ணைக் காடை. எலும்போடு கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக்குத் தனியாக அலைய வேண்டாம்.

மண்டபம் மாணவி:
கணக்கு சரி, அந்தப் பொட்டலம் ஃபெரெட்டுக்கு ஆகாது என்பதும் சரி. புரதம் 35க்கு மேல், கொழுப்பு 20 அளவில், நார் 3க்குக் கீழ், மூலப்பொருள் பட்டியலின் தொடக்கத்தில் தானியம் இல்லாமல் இருப்பதைத் தேட வேண்டும். கிடைப்பது கடினம், விலையும் கூடுதல், மறுக்கவில்லை. அப்படிப்பட்டதிலும் கொஞ்சம் மாவு இருக்கத்தான் செய்யும்.

பச்சைக் கோழியில் எனக்கு உடன்பாடில்லை. ஃபெரெட் நாளொன்றுக்கு ஏழெட்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாக உண்ணும் பிராணி. தின்றது போக மீதியைக் கட்டிலடியிலும் துணிக்குள்ளும் ஒளித்து வைக்கும். நம் ஊர் வெயிலில், மின்சாரம் போன ஒரு பிற்பகலில், ஒளித்து வைத்த பச்சைக் கழுத்து என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சால்மொனெல்லாக் கிருமியை உறைபெட்டி கொல்லாது. அந்த வீட்டில் குழந்தையோ முதியவரோ இருந்தால் ஆபத்து பிராணியோடு நிற்பதில்லை. உலர் தீவனம் நாள் முழுவதும் கிண்ணத்தில் கிடக்கலாம் என்பதே இங்கே அதன் பெரிய தகுதி. இறைச்சியை அவித்துக் கொடுப்பதானால் எலும்பை எடுத்துவிட வேண்டும், வெந்த எலும்பு கூராக உடையும். அதற்கு ஈடாக, அரைக்கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி அளவில் முட்டையோட்டுப் பொடி சேர்க்கலாம்.

தொண்டிக்காரன்:
நான் கண் முன்னால் வைத்துத் தின்ன விட்டு, மிச்சத்தை உடனே எடுத்துவிடுகிறேன். ஒளித்து வைப்பது பிராணியின் குணம். ஒளிக்க விடுவது வளர்ப்பவரின் கவனக்குறைவு. அதற்காக உணவையே குற்றம் சொல்ல முடியாது.

கீழக்கரைவாசி:
எல்லோருக்கும் நன்றி. கேட்ட கேள்விக்கு அப்பால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்று அலமாரிக்குப் பின்னால் அதன் சேமிப்புக் கிடங்கைக் கண்டுபிடித்தோம். இரண்டு காய்ந்த சூடைத் தலைகள், பேரீச்சங்கொட்டைகள், எண்ணெய் ஊறிய தாளில் ஒட்டிக்கொண்டு பாதி தொதல் இனிப்பு. அதன்மேல் எறும்புச் சாரை. என் உம்மா ஒவ்வொரு பிற்பகலும் கொடுத்து வந்திருக்கிறார்கள். "வாயைத் திறந்து கேட்கிறது, எப்படி இல்லை என்பது?" என்கிறார்கள்.

மண்டபம் மாணவி:
தொதலை இன்றே நிறுத்துங்கள். இனிப்பும் மாவும் மிகுந்த உணவுக்கும், நடுவயதில் ஃபெரெட்டுகளுக்கு வரும் கணையக் கட்டிக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் மருத்துவர்களிடம் உண்டு, உறுதிப்படவில்லை. வெறித்துப் பார்த்தல், எச்சில் ஒழுகுதல், பின்னங்கால் தளர்தல் கண்டால் காத்திருக்க வேண்டாம். புதிய தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்றாமல், மீன்சாற்றில் நனைத்து மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உம்மாவிடம் அவித்த கோழித் துணுக்கைக் கொடுத்து வையுங்கள். கை நீட்டும் வழக்கத்தை அவர்கள் விட வேண்டியதில்லை.

பாம்பன் நாட்டுப்படகு:
ஆக, என் மீன்சாறு இல்லாமல் உங்கள் தீவனம் இறங்காது என்று ஆகிவிட்டது. பாய், சனிக்கிழமை பாம்பன் பக்கம் வந்தால் கிழங்கான் எடுத்து வைக்கிறேன், சூடையைவிட எண்ணெய் குறைவு. தடைக்காலத்தில் கோழி விலையும் சேர்ந்து ஏறும்போது தொண்டிக்காரர் என்ன எழுதுகிறார் என்று பார்ப்போம்.